டோக்கன்

டோக்கன் ஆபீஸ் வாசலில் கிடைத்ததால்
டோக்கன் என்று பேர் வைத்தாய்.
கடலுக்குப் போகாதே என்று
கரும்பலகையில் எழுதிப்போட்ட மழைநாள்.
சட்டைக்குள் திணித்துக் கொண்டுவந்தாய்,
சாளை வாடையும் ஈர நாய் வாடையுமாக.
"ரெண்டு பிள்ளைக்கே கஞ்சி கணக்கு,
இது எதுக்கு மூணாவது?" என்றேன்.
நீ வாயைத் திறக்கவில்லை.
அது என் நைட்டி ஓரத்தைக் கடித்தது.

எனக்கு நாய் பிடிக்காது. உனக்கே தெரியும்.

நடுக்கடலில் உங்களைப் பிடித்துப் போன ஆடியில்
அது நாலு நாள் பட்டினி கிடந்தது என்று
சொன்னால் கேட்க நன்றாயிருக்கும்.
அப்படியெல்லாம் இல்லை.
மறுநாளே காயப்போட்ட சூடையில்
பாதியைத் திருடித் தின்றது.

நண்டு கம்பெனி விட்டு ஆறு மணிக்கு வருவேன்.
ஓடு கீறிய விரலெல்லாம் உப்பெரிச்சல்.
வாசலிலேயே மறித்து
ஒவ்வொரு விரலாய் நக்கும், சம்பளக் கணக்கு
பார்க்கிற மேஸ்திரி மாதிரி.
பத்தும் முடிந்தால்தான் வழிவிடும்.
அப்போதும் பிடிக்காதுதான்.
தள்ளிவிடவில்லை, அவ்வளவே.

வெள்ளிக்கிழமை உன் போன்.
யாழ்ப்பாணத்திலிருந்து ஐந்து நிமிடம்.
ஸ்பீக்கரில் போட்டதும், நீ ஹலோ சொல்லுமுன்னே,
அந்த இரைச்சலுக்கே குரைக்கத் தொடங்கும்.
"ஒரு நிமிஷம் இதுக்கே போச்சு" என்று
ஜெனோவா திட்டுவாள்.
நீ சிரிப்பாய். அந்தச் சிரிப்புக்கும்
கொஞ்சம் நேரம் போகும்.

ஐப்பசியில் உண்ணிக் காய்ச்சல்.
மூக்கில் ரத்தம்.
ராம்நாடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்றார்கள்.
பஸ்காரன் ஏற்றவில்லை, ஷேர் ஆட்டோவும் இல்லை.
ஐஸ் வண்டி லூர்துராஜ்தான்
"பின்னாடி தூக்கி வை அக்கா" என்றார்.
பாம்பன் பாலத்துக் காற்று
வண்டியையே சாய்க்கப் பார்த்தது.
மீன்பெட்டிகளுக்கு நடுவே
அதன் தலை என் மடியில்.
அப்பா அந்தப் பக்கம்டா, வடக்கே,
அந்தத் தண்ணிக்கு அங்கிட்டு என்று
விரல் நீட்டிக் காட்டிக்கொண்டு போனேன்.
நாயோடு பேசுகிறவர்களைப் பார்த்துச்
சிரித்துக்கொண்டிருந்தவள்.

உச்சிப்புளி தாண்டவில்லை.

லூர்துராஜ் எட்டிப் பார்த்தார்.
ஐஸ் கரைந்தால் கரையட்டும் என்று
தங்கச்சிமடத்துக்கே வண்டியைத் திருப்பினார்.
வாடகை வாங்கவில்லை.

உடைமரத்தடியில் ரெனிஸ்டன் குழி வெட்டினான்.
நம்ம மண்ணைத்தான் தெரியுமே,
வெட்ட வெட்டச் சரியும்.
மூன்று முறை முதலிலிருந்து வெட்டினான்.
நான் வைதேன். ஏன் வைதேன் என்று தெரியவில்லை.

அடுத்த வெள்ளி நீ கேட்டாய்:
"டோக்கன் எப்படியிருக்கான்?"
"தின்னுட்டுத் தூங்குறான்" என்றேன்.
பிள்ளைகள் இரண்டும் என் முகத்தைப் பார்த்தன.
கோர்ட்டில் உனக்கு வாய்தாவுக்கு மேல் வாய்தா.
அங்கே போய் இதையுமா அனுப்புவது?
அடுத்த வாரம் கிரேசம்மா வீட்டுப் பூனையோடு
சண்டை என்று சொன்னேன்.
அதற்கடுத்து, கேஸ் சிலிண்டர்க்காரரை
மதில்மேல் ஏற்றியது.
பதினோரு வெள்ளிக்கிழமை
அதற்குப் பொய்யாலேயே சோறு போட்டேன்.
நன்றாகக் கொழுத்திருந்தது.

தையில் விட்டார்கள். படகை விடவில்லை.
மெட்ராஸிலிருந்து வேன், விடியற்காலை.
தாடியோடு இறங்கினாய்.
சொல்லவேண்டிய வரியை நாக்குக்கடியில் வைத்து
நின்றேன். தெருமுனையிலேயே
விசிலடிக்கிற ஆள், அடிக்கவில்லை.
செருப்பைக் கழற்றினாய். தண்ணீர் குடித்தாய்.
"எங்க வெச்சிருக்க?" என்றாய்.

உடைமரத்தைக் காட்டினேன்.

"அந்த வெள்ளிக்கிழமை
போன்ல சத்தமே இல்லையே" என்றாய்.

"தெரிஞ்சுமா வாராவாரம் கேட்ட?"

நீ குத்தவைத்து உட்கார்ந்து
சரிந்திருந்த மணலைக் கையால் கூட்டினாய்.
கொஞ்ச நேரம் கழித்து,
முகம் திருப்பாமலே சொன்னாய்:
"அந்தப் பூனைச் சண்டையை
இன்னொரு தடவை சொல்லு."

சொன்னேன்,
பூனைக்கு ஒரு காது போனது வரைக்கும்.